வெள்ளியை வார்க்கக் கொடுப்பவர்களே, ஒரு துண்டை வெட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

என் வெள்ளியை எடுத்துக்கொண்டு அதில் செம்பை அதிகமாகக் கலந்து ஏமாற்றிய பட்டறைக்காரர் நேற்று மாலை, "உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 1,86,500 ரூபாய். கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டிலிருந்தபடியே வெள்ளி நகை செய்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பிக்க வேண்டும். புகார் கொடுக்கப் போவதால் இப்போது பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியில், நகைக்கடைகள் நெருக்கமாக இருக்கும் பகுதிக்குப் பின்னால், வெள்ளியை உருக்கி அச்சில் வார்த்துக் கொடுக்கும் ஒரு காஸ்டிங் பட்டறை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என் தாத்தா திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்கு அருகே பட்டறை வைத்திருந்த பத்தர். மாங்காய் அட்டிகை, அன்னப்பட்சிப் பதக்கம், ராக்கொடி, ஜடைநாகம் என்று அவர் செய்த நகைகளைப் போட்டுக்கொண்டு கல்யாணம் ஆனவர்கள் இன்றும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்பா அந்தத் தொழிலுக்கு வரவில்லை. தாத்தா போன பிறகு அவருடைய அச்சுகளும் மாதிரி நகைகளும் பரணில் கிடந்தன. அவற்றை இறக்கி, அதே வடிவங்களை 92.5 வெள்ளியில் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி செம்பு) செய்து, கெம்புக் கல் பதித்து, தங்க முலாம் பூசி விற்கிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் நாட்டியம் ஆடும் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், ஆசிரியைகள். மகா சிவராத்திரிக்குச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும் பருவத்தில்தான் தலைசாமான், அட்டிகை எல்லாவற்றுக்கும் ஆர்டர் குவியும்.

தாத்தாவைப் போல ஒவ்வொன்றையும் தகட்டில் தட்டி எடுக்க என்னால் முடியாது. அவர் செய்த மாதிரியைக் கொடுத்து ரப்பர் டை, அதாவது ரப்பர் அச்சு, எடுக்கச் செய்து, அதில் மெழுகு வார்த்து, பிறகு வெள்ளியில் வார்க்கச் செய்கிறேன். இன்று இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இதற்கு ஒரு காஸ்டிங் பட்டறையை நம்பியாக வேண்டும்.

நான் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. முதலில் சிறிய அளவில்தான் கொடுத்தேன். வார்த்து வந்ததை, உலோகத்தின் சுத்தத்தைச் சோதித்துச் சொல்லும் மதிப்பீட்டு மையத்தில் உருக்கிச் சோதித்தேன். 92.5 சரியாக இருந்தது. அதைச் சொன்னபோது பட்டறைக்காரர் கோபப்படவில்லை. "சோதிக்க வேண்டும் அம்மா, பத்தர் பேத்தி சோதிக்காமல் யார் சோதிப்பார்கள்?" என்றார். என் தாத்தாவைத் தெரியும் என்றார். தன் அக்காவுக்குத் தோடு செய்து கொடுத்தவர், கூலியில் பாதியை வேண்டாம் என்று சொன்னவர் என்றெல்லாம் சொன்னார். அடுத்த முறை 2 கிலோ சுத்த வெள்ளிக் கட்டிகளைக் கொண்டுபோனேன். கட்டிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் எதிரிலேயே வெள்ளி உருக்கும் மூசையில் வைத்தார். வெங்காரத்தைத் தூவி, வெள்ளி உருகி ஆடும்வரை என்னைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். "உன் தாத்தா இருந்திருந்தால் இந்த நிறத்தைப் பார்த்தே டச் சொல்லிவிடுவார்" என்றார். டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. தாத்தா பேரைச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் என்னைப் பிடித்தார் என்று இப்போது புரிகிறது. தாத்தாவின் மூன்று மாதிரிகளின் ரப்பர் டைகளும் அவரிடமே இருந்தன.

சரக்கு வந்தபோது எடை சரியாக இருந்தது. 2 கிலோ வெள்ளியோடு செம்பு சேர்ந்தால் 92.5இல் ஏறத்தாழ 2,160 கிராம் வரவேண்டும். தேய்மானம் போக 2,150 கிராம் இருந்தது. டச் இயந்திரத்தில் மேலாக வைத்துப் பார்த்தேன். 92.4 காட்டியது. கல் பதிக்கக் கொடுத்தேன், முலாம் பூசக் கொடுத்தேன், ஆர்டர்களை அனுப்பினேன்.

முதல் செய்தி சிதம்பரத்திலிருந்து வந்தது. ஒத்திகை முடிந்து அட்டிகையைக் கழற்றினால் பிள்ளைகளின் கழுத்தில் பச்சைப் பச்சையாகக் களிம்பு என்று ஆசிரியை படம் அனுப்பியிருந்தார். இன்னொருவர் உள்ளூர்க் கடையில் கொடுத்துப் பார்த்துவிட்டு, "92.5 என்று சொல்லி எதை விற்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் 1,86,500 ரூபாய்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் தாத்தாவின் பேரைச் சொல்லி விற்ற நகை அது.

முலாம் பூசாமல் நான் வைத்திருந்த அன்னப்பட்சிப் பதக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டு மையத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் கத்தரியால் அதைக் குறுக்கே வெட்டினார். மேலே பால் போல வெள்ளை. வெட்டிய இடத்தில் உள்ளே இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம். உருக்கிச் சோதித்ததில் 68 டச். செம்பு அதிகமாக உள்ள வெள்ளியைச் சூடாக்கி அமிலத்தில் போட்டால் மேற்பரப்பில் உள்ள செம்பு மட்டும் கரைந்து, வெள்ளி தோல் போல மேலே நிற்கும். அதையே திரும்பத் திரும்பச் செய்தாலோ, அதற்கு மேல் வெள்ளி முலாமும் கொடுத்தாலோ இயந்திரம் ஏமாந்துவிடும் என்று அவர் விளக்கினார். இயந்திரத்தின் கதிர் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. ஆழத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. என் 2 கிலோவில் அரைக் கிலோவுக்கும் மேல் வெள்ளி அந்தப் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் என்னை அலைக்கழித்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில், "கடலூர் உப்புக் காற்று அம்மா, அங்கே எந்த வெள்ளியும் கருக்கும்" என்றார். கறுத்தது வேறு, களிம்பு ஏறியது வேறு என்று எனக்குத் தெரியாதா? பிறகு ஆடும் பிள்ளைகளின் வியர்வை மேல் பழி போட்டார். அதற்குப் பிறகு, "முலாம் பூசியவன் மாற்றியிருப்பான், அவனைப் போய்க் கேள்" என்றார். முலாமே பூசாத பதக்கத்தை வெட்டிக் காட்டினேன். "எடை சரியாகத்தானே இருந்தது? கொடுத்த எடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றார். செம்பையும் சேர்த்த எடை அது! முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார், அமாவாசை கழித்து வாருங்கள் என்று வேலையாட்கள் வாசலிலேயே சொல்லி அனுப்பிய நாள்களும் உண்டு. உள்ளே அவருடைய குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில், "இது எங்கள் பட்டறையில் வார்த்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். அத்தாட்சி இருக்கிறது. தாத்தாவின் மாதிரியில் அன்னத்தின் அலகுக்குக் கீழே அவருடைய அரம் தவறிப்பட்ட ஒரு மயிரிழைக் கீறல் உண்டு. அந்த மாதிரியிலிருந்து எடுத்த டையில் வார்த்த ஒவ்வொரு பதக்கத்திலும் அது அப்படியே விழும். டை அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடியை நீட்டி அதைக் காட்டியபோது அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வணிகத்துக்குச் செய்தது, நீ நுகர்வோரே இல்லை, எந்தக் கோர்ட்டும் உன்னைக் கேட்காது" என்று சட்டம் பேசினார். அவர் அடித்துச் சொன்ன அளவுக்கு அது உறுதியானது இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்று வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கமாகக் கருதப்படாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது என்று வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். நம்பிக்கை மோசடிக்கும் ஏமாற்றியதற்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, 318 பிரிவுகள் தனியே இருக்கின்றன.

விற்ற நகைகள் அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஒருவர்கூட அதற்காக என்னிடம் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. காணாமல் போன வெள்ளி, வார்ப்புக் கூலி, கல், பதிப்புக் கூலி, முலாம், அனுப்பிய செலவு எல்லாம் சேர்த்து, கையில் மிஞ்சியிருக்கும் வெள்ளியின் மதிப்பைக் கழித்த பிறகும் 1,86,500 ரூபாய். நாட்டியாஞ்சலிப் பருவத்துக்கு வைத்திருந்த முதல் அது. அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார், நான் வாங்கவில்லை.

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு இல்லாமல் விற்கக்கூடாது. வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் விருப்பம்தான். 925 என்று குத்த ஒரு சிறிய இரும்பு முத்திரை போதும், அதை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். என் சரக்கிலும் 925 அழகாகத்தான் குத்தியிருந்தார். சிறியவர்கள் எல்லோரும் இந்த ஓட்டை வழியாகத்தான் விழுகிறோம். வெள்ளிக்கும் கட்டாயம் ஆக்க வேண்டும்.

எச்சரிக்கைகளை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும், எத்தனை வருடப் பழக்கமானாலும், சரக்கிலிருந்து நீங்களே ஒரு துண்டை எடுத்து வெட்டி, உருக்கிச் சோதிக்கக் கொடுங்கள். அவர் எடுத்துக் கொடுக்கும் துண்டு வேண்டாம். கல்லும் முலாமும் அதற்குப் பிறகுதான். வெள்ளியைக் கொடுக்கும்போதே எடை, டச், திரும்பி வரவேண்டிய டச் மூன்றையும் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெறும் "வெள்ளிப் பொருள், கூலி" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். ரப்பர் டையை வேலை முடிந்த அன்றே கையோடு எடுத்து வந்துவிடுங்கள். ஹால்மார்க் எண் போட்ட நகையாக இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாங்கும் மக்களும் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள். "அமாவாசை கழித்து வா" என்றால் போகாதீர்கள், அன்றே எழுத்து மூலம் கேளுங்கள்.

இதே மாதிரி ஒரு பட்டறையில், இதே பகுதியில், சமீபத்தில் வெள்ளி வார்க்கக் கொடுத்தவர்கள் தயவுசெய்து கையிலிருக்கும் ஒன்றை வெட்டிப் பாருங்கள். டச் குறைந்திருந்தால் அந்த அறிக்கையோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை வழக்கறிஞரோடு புதுச்சேரி போகிறேன். என் டைகள் மூன்றும் அன்று என் கைக்கு வரவில்லை என்றால் அதையும் புகாரில் சேர்ப்பேன்.