விரலளவு ரிசீவர்: எட்டு மாதம் வைத்திருந்து பார்த்ததில்

யூஎஸ்பி துளையில் சொருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர் ஒன்று எட்டு மாதமாக என்னிடம் இருக்கிறது. பென் டிரைவைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். உள்ளே இருப்பது கணினியில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்த சிப். 2012 வாக்கில் ஆர்வலர்கள் அதை நோண்டிப் பார்த்து, டிவி என்ன, எந்த ரேடியோ அலையையும் இதில் பிடித்துக் கணினிக்கு அனுப்பலாம் என்று கண்டுகொண்டார்கள். என்னிடம் இருப்பது சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், ரேடியோக்காரன் இல்லை. மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக வாங்கினேன். ப்ராஜெக்ட் மூன்றே வாரத்தில் முடிந்தது, ரிசீவர் என் மேஜைக்குக் குடிவந்துவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் இலவசம். எஃப்எம் பிடிப்பது ஐந்து நிமிட வேலை. திரையில் மேலிருந்து கீழாக நீல நிறத்தில் ஒரு படம் வழிந்துகொண்டே இருக்கும். நிலையம் இருக்கும் இடத்தில் மஞ்சள் பட்டை இறங்கும், மற்ற இடமெல்லாம் பொடிப்பொடியாக இரைச்சல். 1,090 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் அறிவிப்பது தெரியும். முதல் வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறை என்றால், ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் பார்க்க முடியும். முழு எல்லையையும் அந்த அகலத்தால் வகுத்தால் 726 துண்டு வருகிறது. துண்டுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் ஒரு சுற்று முடிக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் முதல் துண்டில் யார் வந்து பேசிவிட்டுப் போனார்களோ, யாருக்குத் தெரியும்? இதைச் சொல்லி நான் அலுத்துக்கொண்டபோதுதான் மகள் கேட்டாள்: "அப்பா, வேற கிரகத்துல ஒருத்தி இதே மாதிரி உட்கார்ந்து நம்மளைத் தேடினா, நாம கிடைப்போமா?"

இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மதியச் சாப்பாட்டு மேஜையில் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி "எல்லாரும் எங்கே?" என்று கேட்ட கதை பிரசித்தம். அவர் எதிரே இந்த ரிசீவரைத் தூக்கி வைத்திருந்தால் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

கணக்குக்காரன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோவாட் எஃப்எம் நிலையம் ஒன்று எல்லாத் திசையிலும் சமமாக ஒலிபரப்புகிறது என்று வையுங்கள். சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அந்தத் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு போய்ச் சேரும்? ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, அதை மறுபடி கோடியால், இப்படி நான்கு முறை வகுத்து, மிச்சத்தை நாற்பது பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. சைபர் விட்டுப்போயிற்றோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். விடவில்லை. நம் ஒலிபரப்பு தொடங்கி நூறு வருஷத்துச் சொச்சம் ஆகிறது, அலை நூறு ஒளியாண்டுச் சொச்சம் போயிருக்கும், உண்மைதான். ஆனால் பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. போன இடத்திலும் இரைச்சலுக்கு அடியில் கிடக்கிறது. நம் பழைய நிகழ்ச்சிகளை அங்கே யாரோ ரசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இனிமேல் யாராவது சொன்னால் என்னால் சிரிக்காமல் இருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஐந்தாவது மாதம் கிடைத்தது. ஹைட்ரஜன் வாயு தானாகவே 1,420.4 மெகாஹெர்ட்ஸில் அலை விடுகிறது. 1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடி, அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் ஆன்டெனாவைத் திருப்பி, டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களைக் கேட்டதும் இந்த அலைவரிசையில்தான். நான் அட்டையை மடித்து அலுமினியத் தாள் ஒட்டிப் பெரிய புனல் ஒன்று செய்தேன். பால்வீதி தலைக்கு மேல் வரும் நேரம் பார்த்து மேலே திருப்பி வைத்து, ஐந்து நிமிஷப் பதிவைச் சராசரி எடுத்தேன். தட்டையான கோட்டில் சின்னதாக ஒரு மேடு, தோசைக்கல் நடுவில் புடைத்த மாதிரி. மேடு எதிர்பார்த்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தது. கோளாறு இல்லை. அந்த வாயு நம்மைப் பொறுத்து நகர்ந்துகொண்டிருக்கிறது, அதனால்தான். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்திலிருக்கும் வெறும் வாயு என் அட்டைப் புனலுக்குள் வந்து விழுகிறது, அத்தனை பரவிக் கிடப்பதால். பேசத் தெரிந்த நாம் பக்கத்து நட்சத்திரத்துக்கே கேட்பதில்லை.

(இந்த வேலைக்குத் தனியாக ஃபில்டரோடு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. முதல் இரண்டு முயற்சி வீணானது அதனால்தான்.)

செல்போன் அலைகளையும் பார்த்தேன். எஃப்எம் போலத் துலக்கமான பட்டை எதுவும் கிடையாது. இரைச்சல் கொஞ்சம் மேலே ஏறி, மொட்டையாக ஒரு திட்டு மாதிரி நிற்கும், அதற்குள் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒலிபரப்பு எவ்வளவு திறமையாகிறதோ அவ்வளவுக்கு இரைச்சல் போல ஆகிறது, மிச்சம் இருப்பதும் ஃபைபருக்குள் இறங்கிவிடுகிறது. சத்தமாக இருந்த காலத்திலேயே கேட்காதவர்களுக்கு இனி எப்படிக் கேட்கும்?

சத்தமாகவும் நாம் சில முறை கத்தியிருக்கிறோம், அதை மறைக்கக் கூடாது. 1974 நவம்பர் 16இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்தை நோக்கி 1,679 பிட் செய்தி போனது. மூன்று நிமிஷம் கூட இல்லை. குறுங்கோள்களை அளக்க அதே இடத்திலிருந்து ரேடார் கற்றைகளும் போயின. அவை குறிவைத்த திசையில் வெகுதூரம் கேட்கும், ஆனால் ஒரு கணம் வரும், போய்விடும். 1977 ஆகஸ்ட் 15இல் அமெரிக்காவின் ஓஹாயோவிலிருந்த பிக் இயர் தொலைநோக்கியில் 72 விநாடி வந்த "வாவ்" சிக்னலும் (பதிவுக் காகிதத்தில் அதற்கு வட்டம் போட்டு வானியலாளர் எழுதிவைத்த சொல் அது) அப்படித்தான். அது என்ன என்று தெரியவில்லை, திரும்பவும் வரவில்லை. எங்கோ யாருடைய காகிதத்திலோ நம் ரேடாரும் இப்படி ஒரு வட்டம் போட்டு வைக்கப்பட்டிருக்கலாம். மறுபடி வராததால் அவர்களும் கைவிட்டிருப்பார்கள்.

எனக்கும் ஒரு "வாவ்" வந்தது. ஒருநாள் இரவு ஹைட்ரஜன் மேட்டுக்குப் பக்கத்திலேயே ஊசி மாதிரி ஒரு கோடு. மகளை எழுப்பிவிட்டேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாள், கோடு போய்விட்டது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் வருஷக்கணக்காகக் குழப்பிய சில துடிப்புகள், மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதே அதன் கதவைத் திறந்ததால் வந்தவை என்று 2015இல் தெரியவந்ததே, அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மற்ற குறைகள்: சூடாகும், சூடாகும்வரை அலைவரிசை மெல்ல நகரும், இருபது நிமிஷம் ஓடவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். பக்கத்தில் பலமான எஃப்எம் நிலையம் இருந்தால் மெலிந்த சிக்னல் மூழ்கிவிடும். கூட வந்த குட்டி ஆன்டெனா பேருக்குத்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குகிறவர்கள் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளும் சேர்த்து வாங்குங்கள், ரிசீவரை லேப்டாப்பிலிருந்து தள்ளி வையுங்கள், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உட்காருங்கள்.