மூன்று பழைய கப்பல்துறைப் பாலங்கள்: எதன் அடியில் இறங்கலாம்?

ஆஸ்திரேலியாவில் ஸ்கூபா டைவிங் என்றாலே பெரும்பாலோர் கிரேட் பேரியர் ரீஃபுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். பழைய ஜெட்டிகளின், அதாவது கடலுக்குள் நீளும் கப்பல்துறைப் பாலங்களின், தூண்களுக்கு நடுவே இறங்குவது வேறு ரகம். அதில் மேற்கு ஆஸ்திரேலியாவில் எக்ஸ்மவுத்தின் நேவி பியரா, அடிலெய்டு பக்கத்து ரேப்பிட் பேயா என்பதுதான் பெரிய வழக்கு.

நேவி பியர் 1960களில் அமெரிக்கக் கடற்படையின் தொலைத்தொடர்பு நிலையத்துக்காகக் கட்டப்பட்டது. ராணுவச் சொத்து என்பதால் தூண்டில் போடத் தடை. அந்த ஒரு தடையின் பலன் கீழே தெரிகிறது: ஆள் உயரக் களவா, கூட்டம் கூட்டமாகப் பாறை மீன், ஷீலா, தரையோடு ஒட்டிக் கிடக்கும் வாபிகாங் சுறா. ஆழமும் 15 மீட்டருக்குள்தான். சங்கடம் என்னவென்றால், நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. அனுமதி பெற்ற டைவ் நிறுவனத்தோடுதான் போகலாம். அதுவும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் நீரோட்டம் ஓயும் வேளையில்தான். பெர்த்திலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் வேறு.

ரேப்பிட் பேயில் இந்தக் கெடுபிடி கிடையாது. டைவிங் சான்றிதழும் துணைக்கு ஒருவரும் இருந்தால் போதும், படியில் இறங்கலாம். 1940களில் பிஎச்பி சுரங்க நிறுவனம் சுண்ணாம்புக்கல் ஏற்றக் கட்டிய பழைய ஜெட்டி சிதிலமாகி 2004இல் மூடப்பட்டது. பக்கத்திலேயே 2009இல் புதிது வந்தது. மீன்கள் என்னவோ பழையதைத்தான் விரும்புகின்றன. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஓல்ட் வைஃப் மீன்கள் அதன் நிழலில் அசையாமல் திரளும். ஆனால் எல்லோரும் தேடிப் போவது லீஃபி சீடிராகனை. கடற்குதிரையின் உறவு, ஒரு சாண் சொச்சம் நீளம், உடம்பெல்லாம் பாசி இலைபோலத் தொங்கட்டான்கள். முட்டைகளை வாலில் சுமப்பது ஆண். கண்ணெதிரே இருந்தாலும் பாசி என்றே கடந்துவிடுவோம். அதைக் கண்டுபிடிக்கும் அந்தத் தேடலுக்காகவே என் ஓட்டு ரேப்பிட் பேக்கு. பெரிய மீன் தானாக வந்து முகம் காட்டும், இதை நாம்தான் சம்பாதிக்க வேண்டும். பார்த்துவிட்டால் துரத்தக் கூடாது. ஆழம் சட்டென்று மாறினால் அதற்கு ஆபத்து. 2025இல் தென் ஆஸ்திரேலியக் கரையில் பரவிய நச்சுப்பாசியில் கடல் உயிர்கள் ஏராளமாக மடிந்து ஒதுங்கின. அதனால் இப்போதைய நிலவரத்தை அங்குள்ள டைவ் கடையில் விசாரித்த பிறகே கிளம்புங்கள்.

நீச்சல் தெரியாத அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு இந்த வழக்கே வேண்டாம். நேரே பெர்த்துக்குத் தெற்கே உள்ள பஸ்ஸல்டனுக்குப் போகலாம். 1865இல் திறந்த மர ஜெட்டி, இன்று 1,841 மீட்டர் நீளம். அதன் மேல் குட்டி ரயில் ஓடுகிறது. முனையில் கடலுக்குள் 8 மீட்டர் இறங்கும் கண்ணாடிக் கூடம். லூவின் நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பைக் கொண்டுவருவதால், அவ்வளவு தெற்கிலும் தூண்களில் பவளம் பூத்திருக்கும். பெரியவர்கள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கையில் நீங்கள் வெளியே தூண்களுக்கிடையே நீந்தலாம். ஆழம் குறைவு, சிலிண்டர் காற்று நெடுநேரம் தாங்கும்.