கோல்ஃப் சிமுலேட்டர் திரை: இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி வருகிறது

ஓசூரில் புது வீட்டின் ஓர் அறையை கோல்ஃப் சிமுலேட்டருக்கென்றே (திரையில் விழும் மைதானப் படத்தை நோக்கி நிஜப் பந்தை அடித்து ஆடும் ஏற்பாடு) ஒதுக்கியிருக்கும் நண்பர், எந்தக் கூடு (திரையைத் தாங்கும் சட்டம்), எந்தத் திரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் மாடி அறையில் கண்டதை வைத்துச் சொல்கிறேன். புரொஜெக்டரும் பந்தின் வேகத்தை அளக்கும் கருவியும் அவருக்கே அத்துப்படி. பந்தை வெகுதூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரைத் தயங்காமல் சுழற்றக் கூரை 10 அடி உயரம் இருந்தால் நல்லது என்பதோடு அந்தப் பேச்சை விடுகிறேன்.

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது திரையின் இறுக்கம்தான்.

கூட்டோடு வந்த ஒற்றை அடுக்குத் திரை, குழாய்ச் சட்டத்தின் அளவுக்கே தைக்கப்பட்டிருந்தது. ஓரத்து வளையங்களில் எலாஸ்டிக் கயிறுகளை மாட்டினால் துணி விறைத்து நிற்கும். படம் ஒரு சுருக்கமும் இல்லாமல் அருமையாகத் தெரியும். ஆனால் 7 அயர்ன் என்ற நடுத்தர மட்டையால் அடித்த பந்து அதில் பட்டுக் கீழே விழாது. வந்த வழியே திரும்பி முழங்காலைத் தேடி வரும். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. இத்தனை சிறிய பொருள் என்ன செய்துவிடும் என்று அலட்சியம் வேண்டாம். டிரைவரில் நன்றாக அடித்தால் மணிக்கு 200 கி.மீ. வேகம் சாதாரணம். துணி பின்னால் குழைந்து கொடுத்தால்தான் அந்த வேகம் அடங்கும். சரி என்று கயிறுகளைத் தளர்த்தினால் பந்து சமர்த்தாகத் திரையடியில் விழுகிறது, படத்தின் குறுக்கே மடிப்புகள் ஓடுகின்றன.

திரைக்கும் சுவருக்கும் நடுவே அரை அடி போதும் என்றார் விற்றவர். போதவே போதாது. ஓர் அடிக்குக் குறையக் கூடாது. குழைந்த துணி சுவரைத் தொட்டுவிட்டால், பந்தைச் சுவரில் அடித்ததற்கும் திரையில் அடித்ததற்கும் வித்தியாசமில்லை. அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டவர் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கி அடிக்கும் மட்டை) அடிகள் விழும் இடத்தில் அந்தத் திரை நூல் நூலாகப் பிரிந்ததால், அண்மையில் மூன்றடுக்குத் திரையைத் தனியாக வாங்கி மாட்டினேன். வெட்ஜின் கூரிய வரிப்பள்ளங்கள் பந்தின் தோலைச் சீவிவிடும். அந்தச் சொரசொரப்பு துணியை உப்புத்தாள் போல அராவும். சொரசொரத்த பந்துகளை ஒதுக்கிவிடுங்கள். மார்க்கரால் பெயர் எழுதிய பந்துகளையும்தான். மை திரையில் ஒட்டினால் போகாது.

புதுத் திரையை மனதாரப் பாராட்டுகிறேன். நடு அடுக்கு மெத்தென்று இருப்பதால் 'டமார்' என்ற ஓசை 'தொப்' என்று இறங்கிவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் இப்போது மேலே வந்து கேட்பதில்லை. 1876இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கும் ஊரில், மழை கொட்டும் மாலையிலும் அறைக்குள் நின்று ஆட முடிகிறதே, அது பெரிய சந்தோஷம்.

இந்தத் திரையை ஒவ்வொரு பக்கமும் சட்டத்தைவிடச் சில அங்குலம் குறைவாகத் தைக்கச் சொன்னேன். கயிறு நீள இடம் கிடைத்தது. மேற்புறத்திலும் பக்கங்களிலும் மிதமான இழுப்பு, கீழே தளர்வு. பின்னால் கனமான ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன். பந்து இப்போது பெரும்பாலும் விரிப்புவரைதான் உருண்டு வருகிறது. ஆனால் திரை சிறுத்ததால் குழாய் வெளியே தெரிகிறது. அதற்குத் தடித்த ஃபோம் சுற்றியே ஆக வேண்டும். இரும்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஃபோமும் கூட்டோடு வரவில்லை. அதற்குத் தனி விலை!

இவ்வளவு பாராட்டியபின் கேட்டாலும், கூடும் திரையும் ஒன்றாக வரும் தொகுப்பை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். சட்டத்தை உள்ளூர் வெல்டரிடம் செய்துகொள்ளுங்கள், திரையை மட்டும் விலைக்கு வாங்குங்கள். சுவரிலிருந்து ஓர் அடி விட உங்கள் அறையில் இடமில்லை என்றால் திரையே வேண்டாம். வலை கட்டி ஆடுங்கள், ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.