அரைப்பேருக்குப் பக்கம் ஒதுக்காத கைந்நூல்

உயர்தர வகுப்புப் பொருளியல் மாணவருக்கென்று, இலங்கையின் ஊழியப்படையை இந்தியாவோடு ஒப்பிட்டு எழுதிய கைந்நூல் ஒன்றை, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். நூலின் பெயரைச் சொல்லமாட்டேன். எழுதியவரும் நானும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்கள்.

முதலில் நல்லது. பங்கேற்பு வீதம் என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை. பத்து வீட்டு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஒன்றை வரைந்து, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை எண்ணி, வேலை செய்பவரோடு வேலை தேடுபவரையும் சேர்த்து, முன் எண்ணிய தொகையால் வகுத்துக் காட்டுகிறார். வேலையற்றவரும் ஊழியப்படைதான் என்பதை என் மாணவர் வருடா வருடம் தவறவிடுவார்கள். இந்தப் படத்தைப் பார்த்தபின் ஒருவரும் தவறவிடவில்லை. அந்த ஒரு பக்கத்துக்கே கொடுத்த காசு தகும்.

சிக்கல் ஒப்பீட்டு அத்தியாயத்தில். இலங்கைப் பெண்களின் வீதம் 2019இல் 34.5 சதவீதம், 2023இல் 31.3. இந்தியாவில் 2017-18இல் 23.3 ஆக இருந்தது 2022-23இல் 37.0. இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டும் இடத்தில் பெரிய வியப்புக்குறி. “இந்தியப் பெண்கள் நம்மை முந்திவிட்டார்கள்” என்று தடித்த எழுத்து.

எண்கள் சரி, அளவுகோல்தான் வேறு. நம் கணக்கெடுப்பு கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. அந்த 37.0 முழு வருடத்தைப் பார்ப்பது. 30 நாளோ அதற்கு மேலோ துணைத் தொழிலாக ஏதேனும் செய்திருந்தால் அதுவும் சேரும். 37.0ஐத் தந்த அதே இந்திய ஆய்வு வாரக் கணக்கில் தரும் எண் 31.6. நம் 31.3க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் யாரை முந்தியது? இந்தியாவில் ஏற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஏற்றம் உண்டு. ஆனால் ஒன்றைப் படியால் அளந்து மற்றதைத் தராசில் நிறுத்து ஒப்பிடக் கூடாது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசோடு வருடக்கணக்கில் வாதாடும் ஊரில் பிறந்தவருக்கு இது தெரியாமலா போயிற்று?

இன்னொரு குறை. தோட்டத்துறைப் பெண்களின் வீதம் நகரத்தையும் கிராமத்தையும்விட உயர்ந்தது. ஹட்டனில் விற்கும் நூலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், போன வாரம் அம்மாவுக்கு ஒரே ஒரு நாள்தான் வேலை, அதுவும் அரைப்பேர். அம்மா கணக்கில் வருவாரா?” அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி மட்டும் பதியப்படும் வேலை. வருவார், வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தாலே போதும் என்றேன். “அப்போது முழுப்பேரும் அரைப்பேரும் ஒன்றுதானா?” என்றாள். வீதத்துக்கு ஒன்றுதான். எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கூலி என்பதற்கு வேறு அட்டவணைகள் பார்க்க வேண்டும். நூலில் அவை கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் வாங்கலாம் என்பேன், அந்த லயத்துப் படத்துக்காக. வாங்கினால் பக்கம் 46இல் 37.0க்குக் கீழே 31.6 என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். தலவாக்கலை ஈரத்தில் என் பிரதியின் அட்டை இரண்டே வாரத்தில் சுருண்டுவிட்டது. பொலித்தீன் உறையும் போட்டுவிடுங்கள்.