கைடு வைத்துப் போடும் இம்பிளான்ட்: அளந்து பார்த்ததில் தெரிந்தது

பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் திட்டம் போட்டு, த்ரீடி பிரிண்ட் செய்த கைடு (டிரில் இறங்க வேண்டிய இடத்தையும் சாய்வையும் காட்டும், துளையுள்ள அச்சு) வழியாக இம்பிளான்ட் (பல்லுக்கு வேராகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைக்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. விற்க வருகிறவர்கள் "நூல் பிடிச்ச மாதிரி இறங்கும் டாக்டர்" என்பார்கள். அப்படியெல்லாம் இறங்காது. எவ்வளவு விலகும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நல்ல கருவிதான்.

திட்டத்தில் இருக்கும் இம்பிளான்டையும் வாயில் உட்கார்ந்த இம்பிளான்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, மேல்முனை, அடிமுனை, சாய்வு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். 2018இல் ஐ.டி.ஐ. என்ற சர்வதேச இம்பிளான்ட் மருத்துவ அமைப்புக்காகச் செய்த ஆய்வுத் தொகுப்பில் சராசரி விலகல் மேலே 1.2 மி.மீ., அடியில் 1.4 மி.மீ., சாய்வு 3.5 டிகிரி. மூன்றரை டிகிரி என்ன பெரிதா என்று தோன்றும். 10 மி.மீ. நீள இம்பிளான்டில் அதுவே அடிமுனையை 0.6 மி.மீ. தள்ளிவிடும். கீழ்த்தாடை நரம்புக்கு மேலே 2 மி.மீ. விடச் சொல்வது சும்மா இல்லை.

அளக்க மறுபடி சி.பி.சி.டி. (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) எடுப்பதில்லை. கதிர்வீச்சு ஒரு பக்கம். டைட்டானியத்தைச் சுற்றிப் படத்தில் விழும் வெள்ளைத் தீற்றலில் விளிம்பும் சரியாகத் தெரியாது. இம்பிளான்ட் இருக்கும் நிலையை ஸ்கேனருக்குக் காட்டும் ஸ்கேன் பாடி என்ற சிறு துண்டை அதன்மேல் திருகி, வாய் ஸ்கேனரில் எடுத்துத் திட்டத்தோடு பொருத்துகிறேன். இரண்டு பக்கமும் பல் இருந்தால் விலகல் குறைவு. கடைசிக் கடைவாயில் கைடுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம், விரல் அழுத்தத்திலேயே தாழ்ந்துவிடும். பல்லே இல்லாதவர்களுக்கு ஈறின்மேல்தான் உட்கார வேண்டும், கைடை எலும்போடு சிறு உலோகப் பின்களால் இறுக்காமல் நான் டிரில்லைத் தொடுவதில்லை.

இந்த அளவையில் அகப்படாத பிசகு ஒன்று உண்டு. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு வாய் நிறைய பழைய உலோகக் கேப். சி.பி.சி.டி.யில் பல் தெரியும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு. வாய் ஸ்கேனை அதன்மேல் பொருத்தும்போது அரை மி.மீ. நழுவினால் திட்டமே எலும்பை விட்டு நகர்ந்துவிடும். அப்புறம் வாய் ஸ்கேனை வாய் ஸ்கேனோடு ஒப்பிட்டால் எண்கள் அருமையாக வரும், இம்பிளான்ட் மட்டும் எலும்பில் வேறு இடத்தில் நிற்கும். அவருக்கு ஈறில் எக்ஸ்ரே ஊடுருவாத அடையாளப் புள்ளிகள் ஒட்டி மறுபடி ஸ்கேன் எடுத்த பிறகே கைடு பிரிண்டுக்குப் போனது. இரண்டாவது ஸ்கேன் எதற்கு என்று அவர் மகன் முணுமுணுத்தது வேறு விஷயம்.

குறைகளும் உண்டு. கைடு மறைப்பதால் டிரில்லின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் எலும்புக்குச் சரியாகப் போகாது. 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தால் எலும்பு கெட்டுவிடும், அதனால் டிரில்லை மேலும் கீழும் இழுத்து, குளிர்ந்த சலைனை (உப்புநீரை) கைடுக்கு அடியிலும் விடுகிறேன். ஸ்லீவ் (டிரில் நுழையும் கைடின் குழாய்) எலும்பிலிருந்து உயரமாக நின்றாலும், டிரில் தேய்ந்தாலும் சாய்வு கூடும். எனக்குக் கைடு அனுப்பும் லேபிடம் ஸ்லீவ் உயரத்தைக் குறைக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

நீளமான டிரில்லுக்கு வாயையும் அகலமாகத் திறக்க வேண்டும். "இதுக்கு மேல எங்க பொளக்க, டாக்டர்?" என்று ஒரு அம்மா கேட்டார். அப்படிப்பட்ட இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு முதல் டிரில் மட்டும் கைடில், மீதி கையால்தான்.