அறுந்து அறுந்து வரும் வைஃபை: லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த வைத்தியம் முதலில்?

“மாமா, திரும்பவும் போயிடுச்சு.”

போன வாரத்தில் மட்டும் அக்கா மகள் நாலு தடவை இப்படிப் போன் பண்ணினாள். அவர்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். நான் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அந்த லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவன் நான் என்பதால் புதன்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

கோளாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கால் மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு வைஃபை குறி முழுசாக நிற்கும்போதே பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நேரம் தானாக மீளும், சில நேரம் ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் வரும். அதே வைஃபையில் அக்காவின் செல்போனில் சீரியல் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். “லினக்ஸ்னாலே இப்படித்தான்டா தம்பி” என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

இதற்கு மருந்து கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பவர்சேவை நிறுத்து என்பார் ஒருவர். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்று, ஐடபிள்யூடி என்ற வேறு வைஃபை இணைப்பு மென்பொருளைப் போடு, ரவுட்டரில் சேனலை மாற்று, கார்டையே கழற்றி எறி என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றையும் ஏதாவதொரு லேப்டாப்பில் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஏதாவதொரு நோயைக் குணப்படுத்தும். ஆனால் எல்லாமே ஒரே நோய்க்கான மருந்து கிடையாது. அங்கேதான் நிறைய பேர் இரண்டு நாளைத் தொலைக்கிறார்கள்.

அறுத்தது யார்?

எந்த மருந்தையும் தொடும் முன் லாகை, அதாவது லேப்டாப் தானே எழுதிவைக்கும் நிகழ்ச்சிக் குறிப்பைப் பாருங்கள். ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர், பாஸ்வேர்டு கொடுத்து வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், லினக்ஸின் மையமான கெர்னல் மூன்றின் செய்திகளும் நேரத்தோடு கிடைக்கும். அறுந்த நிமிஷத்துக்குப் போனால் “டிஸ்கனெக்டட்” என்ற சொல்லோடு ஒரு வரி இருக்கும். அந்த வரியின் கடைசியில் ‘ரீசன்’ என்று ஓர் எண்ணும், சில நேரம் ‘லோக்கலி ஜெனரேட்டட் 1’ என்ற குறிப்பும் இருக்கும். குறிப்பு இருந்தால் இணைப்பை விட்டது லேப்டாப். இல்லையென்றால் ரவுட்டர் வெளியே தள்ளியிருக்கிறது.

எண்ணும் பேசும். குறிப்போடு 3 என்று வந்தால் லேப்டாப்பில் ஏதோ ஒரு மென்பொருள் தானாகவே முடிவு செய்து விலகியிருக்கிறது. குறிப்போடு 4 என்றால் ரவுட்டரின் குரல் லேப்டாப்புக்குக் கேட்கவில்லை. 15 என்றால் பாஸ்வேர்டு சாவி பரிமாற்றம் பாதியில் நின்றிருக்கிறது.

நேரத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் 10:14, 11:14, 12:14 என்று மணிக்கொரு தடவை அறுந்துகொண்டிருந்தது. அங்கே ரவுட்டர் 3600 விநாடிக்கு ஒருமுறை குழுச் சாவியை (வைஃபையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான சாவியை) மாற்றுகிறது, லேப்டாப் அந்த மாற்றத்தில் தடுக்கி விழுகிறது. டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. ரவுட்டர் பக்கத்தில் அந்த இடைவெளியை நீட்டியதும் போய்விட்டது.

அக்கா மகள் லேப்டாப்பில் முக்கால்வாசி வரிகளில் 4, கூடவே லோக்கலி ஜெனரேட்டட். அவள் வீடியோ பார்க்கும்போது அறுந்ததே இல்லை. பக்கத்தைத் திறந்து வைத்து அமைதியாகப் படிக்கும்போதுதான் அறுந்திருக்கிறது.

பவர்சேவை நிறுத்துவது

வேலையில்லாத நேரத்தில் வைஃபை சிப் கண்ணயரும். “நான் தூங்குகிறேன், எனக்கு வருவதை வாங்கி வை” என்று ரவுட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். ரவுட்டர் பொதுவாக 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை பீக்கன் அனுப்பும். யார் யாருக்குப் பொட்டலம் காத்திருக்கிறது என்ற பட்டியல் அதற்குள் இருக்கும். சிப் சரியான நொடியில் விழித்து அதைக் கேட்க வேண்டும். வரிசையாகச் சில பீக்கன்களைத் தவறவிட்டால் ரவுட்டரே போய்விட்டது என்று நினைத்து இணைப்பை விட்டுவிடும். அந்த எண் 4-க்கு அர்த்தம் இதுதான்.

சந்தேகம் இருந்தால் ரவுட்டருக்கு பிங் ஓடவிட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அவள் லேப்டாப்பில் 3 மில்லி விநாடி, 94, 5, 140 என்று எகிறி எகிறி வந்தது. வைஃபை அமைப்புகளை மாற்றும் ஐடபிள்யூ (iw) கட்டளையால் பவர்சேவை ஆஃப் செய்த அடுத்த வரியிலிருந்து 2, 3, 2, 3. பார்த்துக்கொண்டிருந்த அவளே, “மாமா, இது மூச்சு வாங்குறது நின்ன மாதிரி இருக்கு” என்றாள்.

ஐடபிள்யூ செய்யும் மாற்றம் ரீஸ்டார்ட் வரைக்கும்தான். நிலையாக வேண்டுமானால் நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப் டாட் டி (conf.d) ஃபோல்டருக்குப் போக வேண்டும். உபுண்டுவில் வைஃபை பவர்சேவுக்கென்றே ஒரு ஃபைல் அங்கே ஏற்கனவே இருக்கும். மதிப்பு 3, அதாவது ஆன். அதை 2 ஆக்கினால் ஆஃப். 0 என்று போட்டால் ஆஃப் ஆகும் என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 0 என்றால் ‘வழக்கம்போல இரு’ என்றுதான் பொருள்.

இதன் விலை பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குவது. பிடிக்கவில்லையென்றால் ஒரே எண்ணை மாற்றித் திரும்பிவிடலாம், அடுத்த அப்டேட்டில் எதுவும் உடையாது. மற்ற எல்லா வைத்தியத்தையும்விட இதை நான் முதலில் வைப்பது இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான்.

ஆனால் இதோடு தீராத கேஸ்களும் உண்டு. அவளுடையது அப்படித்தான். அறுப்பு நன்றாகக் குறைந்தது, நிற்கவில்லை. மிச்சமிருந்த நேரங்களில் கெர்னல் லாகைப் பார்த்தால் சிப் பதில் சொல்லவில்லை, டைம்அவுட் என்று வரிசையாக வரிகள். இது வேறு தூக்கம். வைஃபை கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவிலுள்ள பிசிஐ பாதையும் தனியாகத் தூங்கும், அதற்கு ஏஎஸ்பிஎம் என்று பெயர். மீடியாடெக்கின் எம்டி7921இ, ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவர்களில் ‘டிசேபிள் ஏஎஸ்பிஎம்’ என்றே ஓர் ஆப்ஷன் இருக்கிறது. டிரைவர் ஆப்ஷன்களுக்கான மாட்ப்ரோப் டாட் டி (modprobe.d) ஃபோல்டரில் ஒரு வரி எழுதி ரீஸ்டார்ட் செய்தால் போதும். இன்டெல் கார்டு என்றால் ஐடபிள்யூஎல்எம்விஎம் (iwlmvm) என்ற டிரைவர் மாட்யூலில் பவர் ஸ்கீம் 1 என்று வைத்தால் கார்டின் தூக்கம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. இன்டெல் கார்டுக்கு ‘11என் டிசேபிள் 1’ என்று எழுதச் சொல்லும் பழைய குறிப்பு இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதைச் செய்தால் கார்டு 802.11ஜி காலத்துக்குப் போய் 54 எம்பிபிஎஸ் உச்சத்தில் நிற்கும். அறுப்பு நின்றாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகமும் கூடவே நின்றுவிடும். சோதித்துப் பார்க்க மட்டும் போடலாம், நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

புது கெர்னலா, வெளி டிரைவரா?

இந்த இரண்டில் எனக்குத் தயக்கமே இல்லை. கெர்னலையும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) பேக்கேஜையும் புதுப்பிப்பதுதான் சரியான வழி. ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கெர்னல் 5.2-ல் வந்தது. நிறைய மலிவு லேப்டாப்களில் இருக்கும் 8821சிஇ சிப்புக்கு ஆதரவு 5.9-ல் வந்தது, ஆர்டிடபிள்யூ89 5.16-ல். அதற்கு முன்பு இந்தக் கார்டுகளுக்கு வெளியிலிருந்து டிரைவரை இறக்கி டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டும் கருவி) வழியாகக் கட்டுவதைத் தவிர வேறு கதி கிடையாது. அந்தக் கால அறிவுரை இன்றைக்கும் அப்படியே சுற்றுகிறது என்பதுதான் சிக்கல்.

வெளி டிரைவர் போட்டால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் அது மறுபடி கட்டப்பட வேண்டும். கட்டுவது தோற்றால் மறுநாள் காலை வைஃபையே இருக்காது. சரிசெய்ய நெட் வேண்டும், நெட்டோ இல்லை. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால் கையொப்பச் சாவி வேலை தனி. வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையின் லேப்டாப்பில் இதைச் செய்து அனுப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. உள்ளே இருக்கும் டிரைவர் சுத்தமாக வேலை செய்யாதபோது மட்டும் இதைத் தொடுவேன். அப்போதும் பழைய டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்தோமா (ஏறாமல் தடுத்தோமா) என்று இரண்டு தடவை பார்ப்பேன், இரண்டும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொண்டால் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

ஐடபிள்யூடி பற்றிச் சுருக்கமாக. இன்டெல்லில் உருவானது, 1.0 பதிப்பு 2019-ல் வந்தது. டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டுக்குப் பதிலாக நெட்வொர்க் மேனேஜருக்குப் பின்னால் உட்காரும். லேப்டாப் மூடியைத் திறந்ததும் சட்டென்று இணைவது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஆனால் தூங்கும் சிப்பை அது எழுப்பாது. எண் 3 அடிக்கடி வந்தால் முயன்று பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாக ஓடவிடக் கூடாது. யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கும் கல்லூரி வைஃபை என்றால் ஐடபிள்யூடிக்குத் தனி ஃபைல் எழுதித்தர வேண்டியிருக்கும். அங்கே பழையதே சௌகரியம்.

ரவுட்டர் பக்கம்

முத்தியால்பேட்டை வீடு பழைய மெத்தை வீடு. முன்கூடத்தில் ரவுட்டர். நடுவில் முற்றம். அதைத் தாண்டிப் பின்னறையில் அவள் மேஜை. சுண்ணாம்புச் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். இந்தச் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் சோர்ந்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலும் ஒரு சின்ன அறுப்பு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பின்னறை லேப்டாப்பை 2.4-ல் கட்டிப் போட்டேன். இதற்கு லினக்ஸில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

2.4-ல் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் 40 வைப்பது அக்கம்பக்கத்தாரோடு சண்டை போடுவதற்குச் சமம். ரவுட்டர் தானாக 12 அல்லது 13-க்குப் போனால் செல்போனில் தெரியும் வைஃபை, நாட்டுக் குறியீடு சரியாக அமையாத லேப்டாப்பில் காணாமல் போகலாம். குறியீட்டை ஐஎன் (இந்தியா) என்று அமைத்தால் சரியாகும்.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்த மாதிரிப் பழைய லேப்டாப்கள் இன்னும் என் மேஜைக்கு வருகின்றன. என்னிடம் வந்தவற்றில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது, அவற்றுக்குச் சேனல் மாற்றம்தான் முதல் வைத்தியம்.

யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகினால் மட்டும் அறுகிறதா? அந்த இரைச்சல் 2.4 அலைவரிசையில் விழும் என்று இன்டெல்லே 2012-ல் விளக்கி எழுதியிருக்கிறது. டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5-க்கு மாறுங்கள்.

கார்டா, டாங்கிளா, கேபிளா?

காசு செலவாகும் வைத்தியத்துக்கு முன், லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து ஆன்டெனா கம்பிகளைப் பாருங்கள். நூல் தடிமனில் கறுப்பு ஒன்று, வெள்ளையோ சாம்பலோ ஒன்று. முனையில் ஜாக்கெட் பிரஸ் பட்டன் போலக் குட்டிப் பித்தளை வளையம், கார்டின் மேல் அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். சர்வீஸுக்குப் போய்வந்த ஒரு லேப்டாப்பில் கறுப்புக் கம்பி கழன்று ஃபேனுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் சொந்தக்காரர் மூன்று மாதமாக டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். விரல் நகத்தால் அழுத்தியதோடு வேலை முடிந்தது.

கார்டு மாற்றுவது என்றால் இன்டெல்லின் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. இவை சாதாரண பிசிஐ கார்டுகள். பெயரில் அண்ணன் தம்பி போலிருக்கும் ஏஎக்ஸ்201, 211 இரண்டும் அதற்கேற்ற இன்டெல் மதர்போர்டில் மட்டுமே ஓடும், ஏஎம்டி லேப்டாப்புக்கு வாங்கினால் காசு வீண். ஏஎக்ஸ்210-க்குக் கெர்னல் 5.10-ஆவது வேண்டும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் வேறு கார்டை ஏற்காது, சில புதியவற்றில் கார்டு மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஆர்டர் போடும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். ஒத்துவந்தால் வெளி டிரைவரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு நிம்மதி.

யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிளில் சிப்தான் எல்லாம். பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் பதிப்பு 1-ல் ஒரு சிப்பும் பதிப்பு 2-ல் வேறு சிப்பும் இருக்கும். ஏஆர்9271, எம்டி7612யூ போன்றவற்றுக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. முதலாவது 2.4 மட்டும்தான், வேகமும் குறைவு, ஆனால் சொன்னபடி கேட்கும்.

கேபிள் எல்லாவற்றையும் ஜெயிக்கும், மேஜை நகராது என்றால். கடற்கரை ஊரில் மொட்டைமாடி வழியாக வெளியே இழுத்தால் உப்புக்காற்றில் முனைகள் களிம்பு பிடிக்கும், வீட்டுக்குள்ளேயே கொண்டுபோங்கள். அக்கா சுவரில் ஓட்டை போட விடவில்லை. அதுவும் நியாயம்தான்.

அவசரத்துக்கு இன்னொன்று: ஆண்ட்ராய்டு செல்போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் ஆன் செய்தால் லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே லேப்டாப்புக்குக் கடத்தும். டேட்டா கார்டுக்கு அலையாமல், போனே வைஃபை கார்டாகிவிடும்.

அவள் லேப்டாப்பில் நான் செய்தது மொத்தம் மூன்று: பவர்சேவ் 2, ஏஎஸ்பிஎம் ஆஃப், 2.4-க்குத் தனிப் பெயர். இன்டர்வியூவுக்கு அக்காவின் போனைக் கேபிளோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது தேவைப்படவில்லை. சனிக்கிழமை அவளே லாகைத் திறந்து படித்து எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். இரண்டு நாளில் ஒரே ஒரு அறுப்பு, வெள்ளி மாலை 6:10-க்கு. “கரண்ட் போச்சு மாமா, ரவுட்டர் அணைஞ்சிடுச்சு” என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்த தடவை போகும்போது ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.