ட்ரெய்ன்ஸ் சிமுலேட்டரில் மாடல் ரயில் லேஅவுட்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கணினியில் ரயில் ஓட்டும் ட்ரெய்ன்ஸ் (Trainz) சிமுலேட்டரைப் பெரும்பாலானோர் நிஜப் பாதைகளில் நிஜ ரயில்களை ஓட்டிப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள். என் பயன்பாடு வேறு. ஒரு அறைக்குள், ஒரு பலகை மேல் அடங்கக்கூடிய மாடல் ரயில் லேஅவுட்களை அதில் வடிவமைத்து ஓட்டுகிறேன். பதிப்புகள் மாறிக்கொண்டே வந்தாலும் பல வருடமாக இதே வேலைதான். இந்த வேலைக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே வேறு கருவியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

2001-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைச் சேர்ந்த ஆரன் நிறுவனம் இதை வெளியிட்டது. பாதை அமைக்கும் சர்வேயர், ரயில் ஓட்டும் டிரைவர் என்ற இரண்டு பகுதிகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே சம இடம். ஓட்டும் முறைகளில் ஒன்றின் பெயரே டிசிசி. மாடல் ரயில்காரர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையின் பெயர் அது. புதிய பாதை தொடங்கும்போது அளவுகோலை, அதாவது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்குவது என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் இடமும் உண்டு: நிஜ அளவு, ஓ (O), ஓஓ (OO), எச்ஓ (HO), என் (N) என்று போகும். பலர் இதைத் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் தண்டவாளம் போடுவதற்கு முன்பே இதை மாற்றிவிட வேண்டும்.

காரணம் சொல்கிறேன். சிமுலேட்டருக்குள் எல்லாமே நிஜ அளவில்தான் இருக்கிறது. அளவுகோலை மாற்றினால் ரூலர் காட்டும் எண்தான் மாறும். ஆனால் அந்த எண்தான் கையைக் கட்டிப்போடுகிறது. ட்ரெய்ன்ஸில் நிலத்தின் அடிப்படைத் துண்டான ஒரு நிலப்பலகை 720 மீட்டர் சதுரம். எச்ஓ அளவில், அதாவது 1:87-ல், அது சுமார் 8.3 மீட்டர் சதுரமான அறை. நிஜப் பாதை போடுகிறவருக்கு ஒரு பலகை என்பது ஒன்றுமே இல்லை, நமக்கோ அது வீட்டில் யாருக்கும் கிடைக்காத மாளிகைக் கூடம். மாடல் ரயிலில் வழக்கமான 4 அடிக்கு 8 அடி பிளைவுட் அதில் 106 மீட்டருக்கு 212 மீட்டர் மட்டுமே பிடிக்கும். அந்தச் செவ்வகத்தை நான்கு ரூலர்களால் கட்டிவிட்டு, வெளியே ஒரு தண்டவாளமும் போவதில்லை என்று இருந்தால்தான் லேஅவுட் லேஅவுட்டாக வருகிறது. இடம் தாராளமாக இருக்கிறதே என்று நீட்டிக்கொண்டே போனால், நிலையத்துக்கு நிலையம் வெறும் தண்டவாளம்தான் மிஞ்சும்.

வளைவுகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி. ஆரம் 175 மீட்டர். அதை எச்ஓ-வுக்குச் சுருக்கினாலும் 2 மீட்டர் ஆரம். ரயிலைத் திருப்ப மட்டுமே 4 மீட்டர் அகலம் வேண்டும். நாலடி அகலமுள்ள எட்டடிப் பலகையில் வழக்கமாகப் போடுவது 18 அங்குல ஆரம்தான், நிஜ அளவில் அது 40 மீட்டர். அந்த வளைவில் 24 மீட்டர் நீளமுள்ள எல்எச்பி பயணிகள் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தண்டவாளத்தை விட்டு வெளியே தொங்கும், முனைகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நான்கு சக்கர வேகன்களும், வண்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் சின்ன ஷண்டிங் எஞ்சினும் அதே வளைவில் அழகாகப் போகும். எந்த வளைவுக்கு எந்த வண்டி என்பதைக் காசு செலவழிக்காமல் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே நான் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இங்கிள்நுக் சைடிங்ஸ். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வடிவமைத்த ஷண்டிங் புதிர் இது. வேகன்களை நிறுத்தும் முட்டுத்தடங்களான மூன்று சைடிங்குகள்: ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டுமே கொள்ளும். எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டு எடுத்து, அதே வரிசையில் கோர்த்து நிறுத்த வேண்டும். மொத்தம் 6720 வரிசைகள் சாத்தியம். ஓஓ அளவில், அதாவது 1:76-ல், சுமார் நாலடி நீளப் பலகை போதும். ட்ரெய்ன்ஸில் ஏறக்குறைய 93 மீட்டர், நிலப்பலகையின் ஒரு மூலை.

இதில் கவனம் வேண்டிய இடம் சைடிங் நீளம். தண்டவாளத்தை இழுத்தால் நீண்டுகொண்டே போகும், அரை வேகன் நீளம் கூடுதலாகப் போய்விட்டாலே புதிர் செத்துவிடும். தடம் பிரியும் பாயிண்டைத் தாண்டி வேகன் பக்கத்துத் தடத்தில் இடிக்காமல் நிற்கும் இடத்திலிருந்து, தடத்தின் முடிவில் உள்ள பஃபர் வரை ரூலர் போட்டு அளக்கிறேன். பிறகு வேகன்களை நிறுத்தி, ஐந்துக்குப் பதில் ஆறு நுழைகிறதா என்று சோதிக்கிறேன். நுழைந்தால் பஃபரை உள்ளே தள்ள வேண்டும். ஓட்டும்போது டிசிசி முறை வேண்டாம். திருகைத் திருப்பினால் போகும், பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் நிற்கும், எடையே தெரியாது. நிஜ எஞ்சின் அறையில் இருப்பதுபோல் ஓட்டும் கேப் முறையில் எஞ்சினுக்குத் தனி பிரேக், இழுக்கும் வேகன்களின் சுமை எல்லாம் கணக்கில் வரும். மூன்று வேகன்களைத் தள்ளிக்கொண்டு போய் மெல்லத் தொட்டுக் கோர்ப்பதில் இருக்கிற சுகம் அதில்தான் கிடைக்கும்.

இங்கிள்நுக்குக்கு அடுத்தபடி மைனோரிஸ். சிரில் ஃப்ரீசர் 1957-ல் ரயில்வே மாடலர் இதழில் வெளியிட்ட நகர முனைய நிலையத் திட்டம். இரண்டு தடம் வந்து மூன்று பிளாட்பாரமாகப் பிரியும். ரயில் எதிரெதிர் வளைவுகளில் நெளியாதபடி பாயிண்டுகளை அடுக்கியிருப்பதுதான் அதன் புத்திசாலித்தனம். ரயில் உள்ளே வந்ததும் எஞ்சின் பஃபர் பக்கம் மாட்டிக்கொள்ளும். இன்னொரு எஞ்சின் மறுமுனையில் கோர்த்து இழுத்துப் போனால்தான் முதல் எஞ்சின் விடுதலையாகும். இதைத் தானியங்கி ஓட்டுநர்களிடம் விட்டுப் பார்க்கும்போதுதான் சிக்னல் அறிவு வருகிறது. ட்ரெய்ன்ஸின் தானியங்கி ஓட்டுநர் சிக்னலுக்குச் சிக்னல் யோசிப்பவர். பாயிண்டுக்கு முன்னால் எதிர்கொள்ளும் திசையில் ஒரு சிக்னல், ஒவ்வொரு பிளாட்பார முனையிலும் புறப்பாட்டு சிக்னல் இருந்தால் ஒழுங்காக ஓட்டுவார். ஒன்று குறைந்தால் இரண்டு ரயில்கள் ஒரே தடத்தில் எதிரெதிரே வந்து நிற்கும், பிறகு நாம் இறங்கிப் பிரித்துவிட வேண்டும். நிஜ நிலையத்தில் உள்ளே விடும் ஹோம் சிக்னல், புறப்பட விடும் ஸ்டார்ட்டர் எதற்கு என்று எனக்குப் புரிந்தது இப்படித்தான்.

ரயில்களை மறைத்து வைக்கும் யார்டுக்குப் பதிலாக இதில் போர்ட்டல் உண்டு. ரயில் அதற்குள் போனால் மறைந்துவிடும், நாம் சொன்ன இடைவெளியில் வேறு ரயில் வெளியே வரும். வசதிதான். ஆனாலும் மாடல் லேஅவுட்டுக்கு நான் நிஜமாகவே ஐந்தாறு தடம் போட்ட மறைவு யார்டைத்தான் வைக்கிறேன். போன ரயில் எங்கே நிற்கிறது, திரும்பி வர இடம் இருக்கிறதா என்ற கணக்கு இல்லாத நிலையம் பொம்மையாகத்தான் தெரிகிறது.

ஏற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். எச்ஓ-வில் ஒரு தடத்தை இன்னொன்றின் மேல் கடத்த சுமார் 7.5 செ.மீ. உயரம் வேண்டும். 40-க்கு 1 ஏற்றம் என்றால் அதற்கு 3 மீட்டர் ஓட வேண்டும். எட்டடிப் பலகையின் நீளப்பக்கமே 2.44 மீட்டர்தான், ஆகவே ஏற்றம் வளைவுக்குள் நுழைந்துவிடும். மும்பை–புனே பாதையில் போர் காட் (Bhor Ghat) மலைப்பகுதியில் ஏற்றம் 37-க்கு 1. அங்கே பின்னாலிருந்து தள்ள பேங்கர் எஞ்சின் தேவைப்படுகிறது. மேசை லேஅவுட்டில் நாம் சாதாரணமாகப் போடுவது கிட்டத்தட்ட அந்த மலைப்பாதை என்பது கேப் முறையில் பத்து வேகன் கோர்த்து ஏற்றும்போது உறைக்கும்.

நிலப்பரப்பு நெடுங்காலம் இதன் பலவீனமாக இருந்தது. ஆரம்பப் பதிப்புகளில் நிலத்தின் கட்டம் 10 மீட்டர். எச்ஓ கணக்கில் 11.5 செ.மீ. அந்தக் கட்டத்தில் கரை, வாய்க்கால், சுரங்க முகப்பு எதையும் நுணுக்கமாகச் செய்ய முடியாது. பிறகு 5 மீட்டர் வந்தது. இப்போதைய எச்டி நிலப்பரப்பில் 12.5 செ.மீ., அதாவது மாடலில் ஒன்றரை மில்லிமீட்டர். பிளாஸ்டரில் கத்தி வைத்துச் செதுக்குகிற அளவுக்கு நுணுக்கம். பழைய பதிப்பில் நின்றுவிட்டவர்கள் மாறுவதற்கு இதுவே போதுமான காரணம். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இறங்க வேண்டாம்.

பயனர்கள் செய்து இலவசமாகக் கொடுக்கும் கட்டடம், வண்டி, மரம் எல்லாம் டவுன்லோட் ஸ்டேஷனில் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குயிட் (KUID) என்ற தனி அடையாள எண். ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கும். சார்ந்தது கிடைக்காவிட்டால் கூரையில்லாத வீடும் சக்கரமில்லாத வேகனும்தான் திரையில் வரும். முக்கியமான லேஅவுட்டில் சேர்க்கும் முன் ஒரு வெற்றுப் பலகையில் வைத்துப் பார்த்துவிடுவேன்.

தடத்தின் அகலம் இதில் தோற்றத்துக்கு மட்டுமே என்பது நமக்கு ஒரு வரம். கடையில் வாங்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. நம் 1676 மி.மீ. அகலப்பாதையை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். அதனால்தான் இந்திய வண்டிகளின் எச்ஓ மாடல்கள் ஒடுங்கிய தடத்தில் நிற்பது போலத் தெரிகின்றன. ட்ரெய்ன்ஸில் சரியான அகலத் தடத்தைப் போட்டு, பக்கத்திலேயே மீட்டர்கேஜ் தடமும் வைத்து, இரண்டும் சந்திக்கும் பழைய ஜங்ஷன் ஒன்றைச் சரியான விகிதத்தில் அமைக்கலாம்.

நிஜமாகவே பலகை அறுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ட்ரெய்ன்ஸில் பாயிண்ட் எந்தக் கோணத்திலும் விழும். கடையில் வாங்கும் பீக்கோ ஸ்ட்ரீம்லைன் பாயிண்டுகளோ 12 டிகிரிதான். நடுத்தர அளவின் ஆரம் 914 மி.மீ. ஆகவே இங்கே ஓட்டிப் பார்த்துத் திருப்தியான திட்டத்தை எனிரெயில் அல்லது ஸ்கார்ம் மென்பொருளில் அந்தந்தத் துண்டுகளை வைத்து மறுபடி வரைய வேண்டும். பலகையின் ஓரத்திலிருந்து 75 செ.மீ.க்கு மேல் கை எட்டாது என்பதையும் சிமுலேட்டர் சொல்லித்தராது. அறையும் மேசையுமாக, மனித உயரத்திலிருந்து பார்க்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால் ரோலிங் லைன் என்ற கணினி விளையாட்டு பொருத்தம். அதில் நாமே சுருங்கி ரயிலில் ஏறிக்கொள்ளவும் முடியும். சிக்னல், சுமை, ஷண்டிங் என்று செயல்பாட்டைப் பார்ப்பவர்களுக்கு ட்ரெய்ன்ஸ்.

தொடங்குகிறவர்கள் தடத்தையும் நிலத்தையும் ரூட்டிலும், வண்டிகளையும் விதிகளையும் செஷனிலும் பிரித்து வையுங்கள். ஒரே இங்கிள்நுக்கின் மேல் எத்தனை செஷன் வேண்டுமானாலும் எழுதலாம். மரம், வீடு, புல் எல்லாம் கடைசி. வெறும் தடத்தில் சில வாரம் ஓட்டிய பிறகும் அலுக்கவில்லை என்றால் காட்சி வேலையைத் தொடங்கலாம்.